செவலைக்கு ஒரு பிடி சிப்பி

சித்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், வேலூரிலிருந்து பணியின் பொருட்டுக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. வீட்டுக் கொல்லையில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. பெட்டைகளுள் மூத்தது செவலை. பாட்டி அதனைக் ‘கோழி’ என்பார். அண்டை வீட்டு அம்மையார் தெலுங்கில் ‘கோடி’ என்பார். நம் ‘ஏழு’ அவர்கள் வாயில் ‘ஏடு’ ஆவதையும் பேத்தி கவனித்திருந்தாள்.

ஒருநாள் காலை முட்டை எடுக்கச் சென்ற சிறுமி, கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். வைக்கோலில் கிடந்த முட்டைக்கு ஓடே இல்லை. மெல்லிய தோல் மட்டும் மூடியிருந்தது. விரல் பட்டதும் நெளிந்தது.

“அது தோல்முட்டை, கண்ணு” என்றார் பாட்டி.

மறுவாரமும் அவ்வாறே இரண்டு முட்டைகள் கிடைத்தன. பின்னர் அதுவும் நின்றது. செவலை கால் ஊன்றி நிற்கவும் தயங்கி, சுவரோரம் குந்தியே இருந்தது.

“முட்டையிடாத கோழிக்குத் தீனி எதற்கு? ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வருகிறார்கள்” என்றார் தந்தை.

“பதினைந்து நாள் பொறுத்திரு அப்பா. அதற்குப் பிறகும் எழவில்லை என்றால் நான் தடுக்கமாட்டேன்” என்றார் பாட்டி.

கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பாட்டி சொல்லக் கேட்ட சிறுமி, உடனே வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து வந்தாள். “ஐயோ, அதற்கு வாய் வெந்துவிடும்!” என்று பாட்டி பிடுங்கி வைத்தார்.

அந்த வாரம் தந்தை திருப்பதிக்குச் சென்றபோது அவளும் உடன் சென்றாள். திருப்பதியில் 1955-ஆம் ஆண்டிலிருந்தே கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. 2005-இல் அங்குப் பல்கலைக்கழகமும் அமைந்தது. தந்தையின் நண்பர் ஒருவர் கால்நடை மருத்துவர். சிறுமி செவலையின் நிலையை அவரிடம் கூறினாள். அவர் மேசைமேல் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு விளக்கினார்.

ஒரு முட்டையின் ஓடு ஐந்து அல்லது ஆறு கிராம் எடை கொண்டது. சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் எப்பொருளால் ஆனவையோ, பெரும்பாலும் அப்பொருளாலேயே ஓடும் ஆனது. அதில் உள்ள கால்சியம் மட்டும் ஏறத்தாழ இரண்டு கிராம். முட்டை முழுமை பெற ஒரு நாளுக்குச் சற்று மிகுதியான நேரம் ஆகிறது. அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே செல்கிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் படிகிறது. இரவில் கோழி இரை எடுப்பதில்லை.

“அப்படியானால் அந்தக் கால்சியம் எங்கிருந்து வரும்?” என்று சிறுமி கேட்டாள்.

“கொஞ்சம் குடலிலிருந்து வரும், மீதி எலும்பிலிருந்து வரும். முட்டையிடும் பெட்டையின் கால் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு உண்டு. தீனியில் சத்துக் குறைந்தால் அதுவும் தீரும். பிறகு எலும்பே கரையத் தொடங்கும்.”

சிறுமி சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “செவலை தன் காலைத்தான் எங்களுக்குக் கொடுத்துவிட்டதா?” என்றாள். மருத்துவர் ஆம் என்று தலையசைத்தார்.

உடைத்த சிப்பியைத் தனிக் கிண்ணத்தில் வைக்கும்படி அவர் சொன்னார். மாவுபோல் பொடித்தால் வயிற்றில் தங்காது விரைந்து சென்றுவிடும்; சிறு துண்டுகளோ அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். வெயிலும் வேண்டும், வெயில் படாத கோழி, உண்ட கால்சியத்தை நன்கு உட்கொள்ளாது. முட்டையிடும் கோழியின் தீனியில் நூறு கிராமுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம் வரை கால்சியம் தேவை. குஞ்சுகளுக்கு ஒரு கிராமே போதும். மிகுந்தால் அவற்றின் சிறுநீரகம் கெடும்.

தீவனக் கடையில் ஒரு கிலோ சிப்பி வாங்கினார்கள். கிளிஞ்சல் திருப்பதி மாவட்டத்துக்குப் புதிய பொருள் அன்று. பழவேற்காடு ஏரியின் ஒரு பகுதி இன்று இம்மாவட்டத்தில் உள்ளது. அவ்வேரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவது பழந்தொழில்.

வீட்டில் பாட்டி அதற்குள் வேறொன்று செய்திருந்தார். சமையலில் உடைத்த முட்டை ஓடுகளை வறுத்து, அடையாளம் தெரியாதபடி நொறுக்கி வைத்திருந்தார். உருவம் தெரிந்தால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடுமாம். படிக்காத பாட்டிக்கு இது எப்படித் தெரியும் என்று மகன் வியந்தார். அவர் கோழி வளர்த்தது ஐம்பது ஆண்டு. வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

கொட்டாங்கச்சியில் இரண்டையும் கலந்து வைத்தனர். சேவல் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு அகன்றது. செவலையைப் பாட்டி தூக்கி வெயிலில் விட்டார். பொழுது சாயும் வேளையில் அது தானாகவே கொட்டாங்கச்சியை நாடி நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்கு முருங்கைக்காய்ச் சாம்பாரே கிடைத்தது.

பதினொன்றாம் நாள் செவலை நடந்தது. பதினான்காம் நாள் வைக்கோலில் ஒரு முட்டை இருந்தது. மேற்புறம் சொரசொரப்பாக இருந்தாலும் அதற்கு ஓடு இருந்தது. தந்தை அதை விரலால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மாதம் முடிவதற்குள், தோசைக்கல்லின் விளிம்பில் இருமுறை தட்டினால்தான் உடையும் அளவுக்குச் செவலையின் முட்டை உறுதி பெற்றது. உடைந்த ஓட்டைக் குப்பையில் போடப்போன தந்தையின் கையிலிருந்து சிறுமி அதை வாங்கி, ஜன்னலோரம் வெயிலில் உலர வைத்தாள்.