காணாதவர் கேட்கும் படம்

அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண மலையும் காடும் கடந்து வந்தார் பெருஞ்சித்திரனார். மன்னன் அவரை நேரில் பாராமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் ஏற்க மறுத்தார். தம்மைக் கண்டு, தம் புலமையை அறிந்து தருவது எவ்வளவு சிறிதாயினும் அதுவே தமக்கு உவப்பு என்பது அவர் நிலை. புறநானூற்றின் 208ஆம் பாடலான இதனைப் புலவரின் பெருமிதத்துக்குச் சான்றாகவே நெடுங்காலம் வகுப்பில் நடத்தி வந்திருக்கிறோம். அண்மைக் காலமாக அப்பாடலை நடத்தும்போது நம் பார்வை கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிலர் மீது சென்று நிற்கிறது. பென்சிலால் முகங்களை வரைந்து, இன்ஸ்டாகிராமில் இட்டு, முன்பின் அறியாதவர்களுக்குப் படம் வரைந்து விற்பவர்கள் அவர்கள். கேட்பவர் வரைபவரைக் காண்பதில்லை. வரைபவரோ, கேட்பவரை மட்டுமன்றித் தாம் வரையும் முகத்துக்கு உரியவரையும் கண்டதில்லை. புலவர் மறுத்த நிலையே இவர்களுக்குத் தொழிலின் தொடக்கமாக இருக்கிறது.

கொங்கு நாட்டில் இத்தகைய ஆணைகளில் கணிசமானவை இறந்தவர்களின் படங்கள். காரியம் முடிந்த கையோடு படத்திறப்பு நடத்துவது இங்கே ஊர்தோறும் உண்டு. அப்பாரின் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். குடும்ப அட்டையிலிருந்து பிய்த்தெடுத்த, கன்னத்தின் மேல் முத்திரை விழுந்த படமோ, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் படமோ வாட்ஸப்பில் வந்து சேரும். வாட்ஸப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கண் இருக்கும் இடத்தில் நான்கைந்து கறுப்புப் புள்ளிகளே எஞ்சியிருக்கும். அதைக் கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மூன்று படங்களாகக் கேட்க வேண்டும். அதோடு, அவர் சிரித்தால் எப்படி இருப்பார், வெற்றிலை போடுவாரா, தலைப்பாகை கட்டுவாரா என்று நான்கு வார்த்தை பேசிவிட வேண்டும். வரைகலை தெரியாத நாம் இதைச் சொல்வது துணிச்சல்தான். ஆனால் படம் வாங்கிய வீடுகளில், 'மூக்கு சரியில்லை' என்பதைவிட 'அப்பா இப்படிப் பார்க்க மாட்டார்' என்ற பேச்சையே நாம் மிகுதியும் கேட்டிருக்கிறோம்.

நம்மிடம் பயின்ற ஒரு மாணவிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம். படத்திறப்புக்கென்று ஒரு முதியவரின் படத்தைப் பெரிய தாளில் வரையக் கேட்டார்கள். விலை பற்றிப் பேச்செடுத்தபோது, "நம்மூட்டுப் பிள்ளையாட்ட இருக்கற, நமக்குள்ள என்ன கண்ணு கணக்கு?" என்று பதில் வந்தது. இவரும் "பரவாயில்லைங்க" என்றிருக்கிறார். பத்து இரவுகள் விழித்து வரைந்து முடித்து, பார்வைக்காகத் தெளிவான நிழற்படம் எடுத்து அனுப்பினார். அவர்கள் அந்த நிழற்படத்தையே பிளக்ஸில் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டு, திறந்து வைத்துவிட்டார்கள். அசல் வேண்டியதில்லை என்றார்கள், பணமும் வரவில்லை. அந்த ஓவியம் இன்னும் மாணவியின் வீட்டில்தான் இருக்கிறது. பெரியவர் முகத்தைக் கிழித்துப் போடக் கூடாது என்று அவருடைய தாயார் வெள்ளைத் துணியில் சுற்றி அட்டாலியின் மேல் வைத்திருக்கிறார். அந்தப் பருவம் முழுதும் அம்மாணவி பென்சிலைத் தொடவில்லை.

விலை பேசுவதை உறவுக்கு இழுக்காகக் கருதுவது இங்கே நல்ல குணம் போலத் தோற்றமளிக்கிறது. ஆனால் இதே ஊரில்தான் கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு, மாமன் மச்சான் எழுதிய மொய்யை ரூபாய் பிசகாமல் நோட்டில் பதிந்து வைக்கிறோம். யாரும் அதை அவமதிப்பாக நினைப்பதில்லை. தோட்டம் வாங்கினால் அச்சாரம் கொடுக்கிறோம். படத்துக்கு மட்டும் அச்சாரம் கேட்கக் கூடாதா? பாதித் தொகை வந்த பிறகே தாளை எடுப்பது என்பதில் தொடக்கநிலை ஓவியர் சிறிதும் இளக வேண்டியதில்லை. அளவு, உருவங்களின் எண்ணிக்கை, முடிக்கும் நாள், அஞ்சல் செலவு யாருடையது, எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதி அனுப்பி, 'சம்மதம்' என்று ஒரு சொல் வாங்கிக்கொண்டால் போதும். கோட்டுருவ நிலையிலேயே ஒப்புதல் கேட்க வேண்டும். நிழல் தீட்டிய பின் மீசையை மாற்றச் சொன்னால் அது புதிய வேலை. பார்வைக்கு அனுப்பும் படம் சிறிதாகவும், குறுக்கே பெயர் எழுதியதாகவும் இருக்கட்டும். மீதித் தொகை வந்த பிறகு அசல் புறப்படட்டும். ஒருவரையொருவர் காணாத இடத்தில் எழுதிய சொல்தான் முகமாக நிற்கிறது.

இதில் பலரும் அறியாத சட்ட நுட்பம் ஒன்று உண்டு. ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே என்று பொதுவாக நம்புகிறோம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இதற்கு விலக்கு வைத்திருக்கிறது: ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, மாறான உடன்பாடு இல்லாவிடில், கேட்டவரே முதல் உரிமையாளர். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களின் நிலையை இது நினைவூட்டுகிறது. பாவும் நூலும் தருபவர் ஜவுளி உற்பத்தியாளர், துணியும் அவருடையது, தறிக்காரருக்குக் கூலி மட்டும். அந்தக் கூலி உயர்வுக்காக 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. ஓவியரின் நிலை அத்தனை இறுக்கமானதன்று. 'மாறான உடன்பாடு இல்லாவிடில்' என்னும் தொடரில் அவருக்கு வழி திறந்திருக்கிறது. 'வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், அச்சிட்டு விற்கும் உரிமை வரைந்தவருக்கே' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். நாட்காட்டிக்கோ கடை விளம்பரத்துக்கோ கேட்பவர்களிடம் அவ்வரி இல்லாமல் வரையவே கூடாது.

அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் படைப்பாளியின் பெயரையும் படைப்பின் முழுமையையும் காக்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் அமைத்த பெரும் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துப் போட்டுவிட்டார்கள். அவர் வழக்காடினார். எஞ்சிய பகுதிகளை அவரிடம் ஒப்படைத்து, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. எதிர்த் தரப்பில் நின்றது இந்திய அரசு. படத்தின் மூலையில் கையெழுத்திடக் கூசும் நம் மாணவர்களுக்கு இத்தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

விலையை எப்படி நிர்ணயிப்பது என்று கேட்கிறார்கள். தாளின் அளவைக் கொண்டு அன்று, மணி நேரத்தைக் கொண்டு. 20 மணி நேரம் எடுத்த படத்தை 500 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 25 ரூபாய் என்று ஆகிறது. தாளும் அட்டையும் அதிலேயே அடக்கம். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் தாமாகவே விலையை உயர்த்திவிடுகிறார்கள். பேரம் பேசாமல், ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, பணம் அனுப்ப இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை.

இயந்திரத்தைப் பற்றிய அச்சமும் எழுகிறது. 2025 மார்ச்சில், நிழற்படத்தைக் கொடுத்தால் ஜப்பானிய ஜிப்லி பாணியில் நொடியில் மாற்றித் தரும் வசதி பரவியபோது, ஆணைகள் நின்றுபோகும் என்று நம் மாணவர்கள் சோர்ந்தார்கள். கோவை இதற்கு முன்பும் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறது. திரையரங்க வாசல்களில் கட்டமிட்டுப் பெரிதாக்கித் தீட்டிய பேனர்களை டிஜிட்டல் பிளக்ஸ் சில ஆண்டுகளிலேயே அகற்றிவிட்டது. பேனர் ஓவியர்கள் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். அந்த மரபிலிருந்து வந்த ஓவியர் ஜீவா தொடர்ந்து வரைந்தார். 'திரைச்சீலை' என்ற நூலால் எழுத்தாளராகவும் அறியப்பட்டார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆணை தருபவர்களில் சிலர் இப்போது முடிந்த படத்தைவிட, கை வரைந்துகொண்டிருக்கும் காணொளியையே முதலில் கேட்கிறார்கள். அதை மறுக்காமல் எடுத்து அனுப்புவது நல்லது.

அனுப்பும் முறை பற்றிச் சிறிது. பென்சில் தூள் கலையாமலிருக்க பிக்ஸேட்டிவ் தெளித்து, காய்ந்த பின் மேலே பட்டர் பேப்பர் வைத்து, இரு தடித்த அட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து, மழைக்காலமாயின் நெகிழி உறையிலும் இட்டு விரைவு அஞ்சலில் சேர்க்க வேண்டும். படத்திறப்புக்கான படமென்றால் விழாவுக்கு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி நாளைக் கணக்கிட்டு, அதற்கு இடமில்லையெனில் ஆணையை ஏற்காமல் விட்டுவிடலாம்.