ஆறு வார வசந்தம்

கவிஞர்களின் கணக்கில் வசந்தம் பூக்காலமாக இருக்கலாம். தில்லியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது ஆறு வார அவகாசம், அவ்வளவுதான். ஹோலிச் சாயம் கையை விட்டுப் போவதற்குள் ரஜாய் கனக்கத் தொடங்கிவிடும். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். இதற்கு நடுவே முழு வீட்டையும் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றியாக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் இது பிடிபடுவதில்லை. வீட்டை ஒழுங்கு செய்வது என்றால் அவர்களுக்கு மார்கழிக் கடைசிதான். போகியன்று பழையதைக் கழித்துவிட்டால் வருஷத்து வேலை முடிந்தது. தில்லியிலோ தை பிறக்கும்போது மூக்கைக்கூடப் போர்வைக்கு வெளியே நீட்ட முடியாது. இங்கே வெள்ளையடிப்பது தீபாவளிக்கு, பழுது பார்ப்பது ஹோலிக்கு.

முதலில் கவனிக்க வேண்டியது ரஜாய். நான்கு மாதம் உடம்போடு கிடந்த பஞ்சுப் போர்வை மொட்டைமாடியில் இரண்டு முழு வெயில் காய வேண்டும். ஈரத்தோடு டிரங்குப் பெட்டிக்குள் போனால் நவம்பரில் பூஞ்சை நாற்றத்தோடுதான் வெளியே வரும். ஸ்வெட்டர்களைத் துவைக்காமல் மடித்து வைப்பது இன்னும் மோசம். கம்பளியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் படிந்த இடம்தான் அதற்குப் பிடித்தமானது. அந்துருண்டை போடுபவர்கள் கைக்குழந்தை உள்ள வீடுகளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள சிசுவை அந்த வாசனை படிந்த துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து ஆபத்தான மஞ்சள் காமாலை வரலாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடும் வழக்கம் பஞ்சாபிப் பாட்டிகளிடம் இன்னும் உண்டு.

அடுத்தது கூரை. மார்ச் மாதம் தில்லியில் இலையுதிர் காலமும்கூட. வேம்பும் அரசும் கொட்டும் சருகு மாடியின் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். பழைய வீடுகளின் கூரை, மண் பரப்பி அதன் மேல் செங்கல் ஓடு பதித்தது. வெயிலை ஓரளவு தடுக்கும், ஆனால் ஓடுகளின் இடுக்கில் பூச்சு விட்டுப்போனால் மழையைத் தடுக்காது. ஜூன் இறுதியில் பருவமழை வரும்வரை விரிசல் வாய் திறக்காது. வாய் திறக்கும்போது கொத்தனார் கிடைக்கமாட்டார். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்று விரல் நீளத்தில் இருக்கும்போது இழுத்தால் வந்துவிடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டால் வேர் செங்கல்லைப் பிளந்திருக்கும். அரசமரத்தை வெட்டும் பாவம் எதற்கு என்று வேலையாள் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

ஆனால் வசந்தத்தின் பெரிய வேலை கூலர்தான். ஏ.சி. வாங்கியவர்களுக்கு வடிகட்டியைக் கழுவுவதோடு கதை முடிந்தது. மற்றவர்களுக்கு ஒரு தகரப் பெட்டி, ஒரு விசிறி, ஒரு சின்ன பம்ப், மூன்று பக்கமும் மரச்சீவல் அல்லது வெட்டிவேர்த் தட்டி. வறண்ட காற்று ஈரத் தட்டி வழியே நுழையும்போது நீர் ஆவியாகி அறை குளிரும். லூ எனப்படும் அனல் காற்று வீசும் மே, ஜூன் மாதங்களில் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இதுவே கதி. தட்டியை மாற்ற வேண்டும், பம்பின் உப்பைச் சுரண்ட வேண்டும், அடித்தட்டின் துருவுக்குத் தார் பூச வேண்டும். போன வருஷம் கூடு கட்டிய புறாவிடமிருந்து பெட்டியையும் மீட்க வேண்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் இரண்டு. ஒன்று மின்சாரம். தண்ணீரும் தகரமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் பார்த்தாக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துவது நல்லது. தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இன்னொன்று கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாமல் காத்திருக்கும். போன வருஷத்து முட்டை இந்த ஏப்ரலில் ஊற்றும் தண்ணீரில் பொரிக்கும். ஆகவே தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது, சுவரை நார் கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை வடித்துக் காயவிட வேண்டும்.

கிழக்கு தில்லியில் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்த் தம்பதிக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் தில்லியில் 10,000க்கும் மேற்பட்டவர்களை டெங்கு தாக்கியது. 423 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் அவர்களுடைய பெண் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு வசந்தத்திலும் கூலரைத் தேய்க்க அவர் தவறியதில்லை. இப்போது முழங்கால் ஏணிக்கு ஒத்துழைப்பதில்லை.

"ஆளைக் கூப்பிடுங்க. நீங்க ஏற வேண்டாம்" என்கிறார் மனைவி.

"வர்ற பையன் தண்ணியை வடிச்சிட்டுக் காசை வாங்கிட்டுப் போயிடுவான். ஓரத்தைத் தேய்க்கணும்னு அவனுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

சொல்கிறார். ஏணிக்குக் கீழே நின்று, லிங்க பேதம் பார்க்காத தன் இந்தியில், எந்த மூலை இன்னும் பாக்கி என்று அந்த பிகார் இளைஞனுக்குச் சுட்டிக்காட்டுகிறார். அவன் தங்கியிருக்கும் அறையிலும் கூலர் உண்டா என்று கேட்கிறார். நாலு பேருக்கு ஒன்று என்கிறான். மீதமிருந்த நாரும் பிரஷும் அவன் பையில் போகின்றன.

பராமரிப்பில் ஒரு சங்கடம் உண்டு. சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. ஒழுகாத கூரையையும் வராத காய்ச்சலையும் யாரும் பாராட்டுவதில்லை. சம்பளம் என்று ஏதாவது இருந்தால் அது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், கூலரின் சுவிட்சை முதல்முறை போடும்போது கிடைக்கும். நனைந்த வெட்டிவேரின் வாசனை அறைக்குள் வரும். தில்லிக்காரர்கள் வசந்தத்தை அனுபவிப்பது அப்போதுதான். காலண்டரில் அதற்குள் கோடை வந்துவிட்டிருக்கும்.