வேலி தாண்டிய மஞ்சள்

கூட்டமுண்ட்ரா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள இந்தச் சிற்றூரை கிரிக்கெட் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். 1908-ல் டான் பிராட்மன் பிறந்த ஊர். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. ஊர்ப் பெயரைச் சுமந்தபடி கிளம்பிய இன்னொன்றும் உண்டு: கூட்டமுண்ட்ரா வாட்டில்.

புதராகவோ சிறு மரமாகவோ வளரும் செடி. இறகு போன்ற வெள்ளிச் சாம்பல் இலைகள். குளிர்காலம் முடியும் தறுவாயில் கிளையே தெரியாமல் மஞ்சள் பூக்கள். 1888-ல் ஃபெர்டினாண்ட் வான் முல்லர், குவீன்ஸ்லாந்து தாவரவியலாளர் பெய்லியின் பெயரை இதற்குச் சூட்டினார்: அக்கேசியா பெய்லியானா. இயற்கையில் அது வளர்ந்தது கூட்டமுண்ட்ரா, டெமோரா வட்டாரத்தில் மட்டுமே.

அழகுதான் வினையானது. வீட்டுத் தோட்டங்களுக்கும் சாலையோரங்களுக்கும் மக்கள் ஆசையாகக் கொண்டுபோனார்கள். விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, கான்பெரா என்று போன இடமெல்லாம் வேலி தாண்டிக் காட்டில் புகுந்தது. கடல் கடந்து தென்னாப்பிரிக்காவிலும் ஆக்கிரமிப்புத் தாவரமாகிவிட்டது.

ஆஸ்திரேலியச் செடி ஆஸ்திரேலியாவிலேயே வளர்ந்தால் என்ன தப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் தேச எல்லை மனிதர்கள் போட்டது. மண்ணுக்கு அது தெரியாது. புதிய இடத்தில் இந்தச் செடி நிழல் பரப்பி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. அங்குள்ள வாட்டில் இனங்களுடன் கலந்து கலப்பினங்களையும் உண்டாக்குகிறது. வெட்டினாலும் தீர்வதில்லை. கெட்டியான தோலுடைய விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும். காட்டுத் தீ வந்துபோனதும் கூட்டமாக முளைக்கும்.

நீலகிரிக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இதன் உறவினர்கள், 'சீகை' என்ற பெயரில் அங்கே புல்வெளிகளை விழுங்கியிருக்கின்றன. அங்கே நட்டது தேவைக்காக. கூட்டமுண்ட்ரா வாட்டிலை நட்டது ஆசைக்காக. விளைவு ஒன்றுதான்.

காட்டை ஒட்டி வீடு உள்ளவர்களுக்குத்தான் சங்கடம். வெட்ட வேண்டும் என்று தெரியும். ரம்பத்தை எடுக்கும்போது மரம் முழுக்க மொட்டு. இந்த வருஷம் பூத்து முடியட்டுமே என்று மனசு தள்ளிப்போடும்.

பூ முடிந்தால் காய். காய் வெடித்தால் விதை. கூட்டமுண்ட்ராவில் அது வாரிசு. வேலிக்கு அப்பால், களை.