மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ்

மொறிஸ் மைனர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அந்த உருண்டை முதுகுக் கார்தான். டொக்டர்மார், தலைமை வாத்திமார், கொழும்பில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்கள் வைத்திருந்தது. எங்கள் வீட்டில் நின்றது அதன் பிக்கப். முன்னால் இரண்டு பேர், நெருங்கி இருந்தால் மூன்று, பின்னால் வெங்காயம். எனக்கு இன்றைக்கும் காரைவிடப் பிக்கப்தான் அழகு. வேலை செய்யாத வாகனத்தில் எனக்குப் பெரிதாக மயக்கம் வருவதில்லை.

அலெக் இசிகோனிஸ் வரைந்த கார் 1948இல் லண்டனில் அறிமுகமாயிற்று. பிக்கப் வந்தது 1953இல். காருக்கு உடம்பே எலும்பு, தனியாகச் சட்டம் கிடையாது. பிக்கப்புக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. சுமை ஏற்ற அதுதான் வேண்டும். எங்களுடையது 948 சிசி எஞ்சின், நாலு கியர். 37 குதிரைவலு என்று புத்தகத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான ஏழாலையிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

அப்பப்பா வாங்கியது 1950களின் கடைசியில். நம்பர் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்து, அதன்மேல் தார் பூசும் போராட்டம் நடந்த காலம். அவரும் பூசினார். பிறகு அதே தகட்டில் தமிழில் ‘சிறீ’ எழுதி ஓடினார். பிறகு பழையபடி சிங்கள எழுத்தே வந்தது. தகட்டை விரலால் தடவினால் கீழே தார் திட்டுத்திட்டாகத் தட்டுப்படும். நான் சின்னப்பிள்ளையில் அதைச் சுரண்டி அடி வாங்கியிருக்கிறேன்.

1970களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது இருந்ததைக் காப்பாற்றுவதே வழி என்றாயிற்று. இலங்கையில் இத்தனை பழைய வாகனங்கள் சாகாமல் கிடப்பதற்கு ரசனையைவிட அதுதான் காரணம். அப்பா பிக்கப்பை நன்றாக வைத்திருந்தார் என்றால், வேறு வழியில்லாமல் நன்றாக வைத்திருந்தார். ஆனால் வழியில்லாமல் தொடங்கிய கவனிப்பு எந்தக் கட்டத்தில் ஆசையாக மாறியதென்று அவருக்கே தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளாப்பில் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். திருத்த ஒன்றும் இருக்காது. சும்மா பார்ப்பார்.

திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம் டிக் டிக்கென்று வேகமாக அடிக்கும். காபரேற்றர் நிறைந்ததும் தானாக ஓய்ந்துவிடும். அந்தச் சத்தம் நின்றபிறகுதான் ஸ்ராட்டர் குமிழை இழுக்க வேண்டும். வண்டி முழுதாக நின்றால்தான் முதல் கியர் விழும். அவசரப்பட்டால் கறகறவென்று திட்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதன் சத்தங்கள் தெரியும். அம்மா கியர்க் கோலைத் தொட்டதே இல்லை. ஆனால் அடுப்படியில் இருந்தபடியே, “இண்டைக்கு ஒரு பிளக் வேலை செய்யேல்லை” என்பா. சரியாக இருக்கும்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் பெற்றோல் நின்றது. மின்சாரம் நின்றது. யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது. புதிய எஞ்சின்கள் அதற்கு முகம் சுழித்தன. மொறிஸும் ஒஸ்ரின் ஏ போர்ட்டியும் பழைய மனுசர் மாதிரி கிடைத்ததைக் குடித்துக்கொண்டு ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதனால் குழந்தைப்பிள்ளைச் சூப்பியில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பீச்சி, ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் தானாகப் பிடித்துக்கொள்ளும். “பிள்ளை, சூப்பியைக் கொண்டு வா” என்று அப்பா கத்தினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் எட்டிப் பார்க்கும். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. சந்தைக்குப் போன வெங்காயத்திலும் அந்த மணம். யாரும் குறை சொன்னதாக நினைவில்லை. எல்லாருடைய சாமானிலும் அதே மணம்தானே.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழுந்து நடந்தபோது, எங்களோடு பிக்கப்பும் வந்தது. பின்னால் அப்பம்மா, தையல் மெசின், இரண்டு ஆடு, வழியில் ஏறிய யாரோ ஒரு கர்ப்பிணிப் பெண். கண்டி வீதியில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி லட்சக்கணக்கான சனம், மழை வேறு. அடிக்கொருதரம் நிற்கும். நின்ற எஞ்சின் ஆறினால் மறுபடி ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும். சூப்பியில் இருந்ததோ ஒரு மிடறு. அப்பா அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு, வண்டியைத் தள்ளச் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் தள்ளினார்கள். அன்று அதன் 37 குதிரைகளைவிடச் சனத்தின் கைகள்தான் அதைக் கூடுதலாக ஓட்டின.

இப்போது நான் இங்கிலாந்தில். கோடையில் பழைய வாகனக் கண்காட்சிகளில் மொறிஸ் பிக்கப்புகள் வரிசையில் நிற்கும். மெழுகு பூசிய பச்சை, முகம் பார்க்கலாம். சொந்தக்காரர்கள் அன்பான மனிதர்கள். உதிரிப்பாகம் எங்கே வாங்கலாம் என்று விடாமல் பேசுவார்கள். அப்படிப் பேசியபோதுதான் தெரிந்தது: 1990களில் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்கான வண்டியுடல் தகடுகளை இலங்கையில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதே தீவின் மறுமுனையில், டோர்ச் பற்றரிக்கும் தடை இருந்த ஊரில், அப்பா ஒரே பிளக்கை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அந்த வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய வாகனம் தேடி ஆட்கள் வந்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, கிளச் மிதிக்க முடியாது. கொடுத்துவிட்டார். வாங்கியவர் நல்லவர், திருத்தி முடித்ததும் படம் அனுப்பினார். கிறீம் நிறம், புதுச் சீற், பளபளக்கும் பம்பர். கலியாண வீடுகளுக்குப் பூ கட்டி ஓடுகிறதாம். தகட்டை முழுக்கச் சுரண்டிப் புதிதாக எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாரை யார் விட்டுவைப்பார்கள்? என்றாலும் அந்தப் படத்தில் நான் முதலில் தேடியது தகட்டைத்தான்.

விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். போன வருசம் ஒரு விலை சொன்னார். தம்பி இப்போது வெங்காயம் ஏற்றுவது பட்டா என்கிற சின்ன லொறியில். சந்தையில் எங்கே பார்த்தாலும் பட்டாதான். விலையைச் சொன்னதும் அவன், “அக்கா, அந்தக் காசுக்கு ரெண்டு பட்டா வாங்கலாம்” என்றான்.

வாங்கலாம்தான்.