அடிவரியும் அத்தானும்

தமிழ்நாட்டில் ஒருவரைப் பார்த்து "படம் எப்படி?" என்று கேட்டால் நன்று, நன்றன்று என்ற ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். தில்லியில் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. எங்கே பார்த்தீர்கள், தமிழிலேயே பார்த்தீர்களா, பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று மூன்று கேள்விகள் தொடர்ந்து வரும். அவற்றுள் மூன்றாவது கேள்விதான் கேட்பவரின் உண்மையான கவலை.

முன்பு இக்கேள்விகளுக்கு இடமிருக்கவில்லை. தலைநகரில் தமிழ்ப் படம் அரிதாகக் கிடைத்த பொருள். எங்கோ ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டால், கரோல் பாகிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பேருந்து ஏறுவார்கள். 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பியது. மொழிகள் முறைவைத்து வந்தமையால் தமிழின் முறை வரப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். அந்த ஞாயிறன்று தொலைக்காட்சிப் பெட்டியுள்ள வீட்டின் வாசற்படி வரை செருப்புகள் நிறைந்திருக்கும். திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். அவை நமக்காக அல்ல, மாடி வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்காக என்று நாங்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்வோம்.

இன்று அதே எழுத்துகள் என் மகளுக்காக ஓடுகின்றன. சப்டைட்டில் என்று எல்லோரும் சொல்லும் அதனை நான் அடிவரி என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், நாவில் பாதி வரும், கண்ணுக்குத் தெரியாது. மின்தூக்கியில் வேறு யாரேனும் நின்றால் அந்தப் பாதியும் அடங்கிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் ஒரே படத்தை மூவர் மூன்று விதமாகப் பார்க்கிறோம். எண்பது கடந்த என் தாயார் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். மகள் காதை மறந்து அடிவரியைப் படிக்கிறாள். நான் இருவருக்கும் இடையில் அமர்ந்து, அவள் எப்போது தலையை நிமிர்த்துவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்மையில் பார்த்த சில படங்களைப் பற்றி இங்கே நான் சொல்லப்போகும் கருத்துகள் எல்லாம் அந்த இடத்திலிருந்து பிறந்தவையே. திறனாய்வாளருக்குரிய அளவுகோல் எதுவும் என் கையில் இல்லை.

எளிய படம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2023 டிசம்பரில் வெளிவந்த 'பார்க்கிங்'. ஒரே வீட்டின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் குடியிருக்கும் இரு வாடகைக்காரர்கள், வண்டி நிறுத்தும் இடத்துக்காக மோதிக்கொள்கிறார்கள். கதை அவ்வளவே. உடைந்த நாற்காலியையும் பூந்தொட்டியையும் வீதியில் வைத்து இடம் பிடிக்கும் கலையில் தேர்ந்த தில்லிவாசிக்கு இப்படத்தின் எந்தக் காட்சிக்கும் அடிவரி வேண்டியதில்லை. பிற்பகுதியில் பகை எல்லை மீறிப் போவதாகச் சில நண்பர்கள் குறைப்பட்டார்கள். நாள்தோறும் தில்லிச் செய்தித்தாளைப் படிப்பவன் ஆதலால் மிகை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. எம்.எஸ். பாஸ்கர் ஏற்ற அந்தக் கையிறுக்கமான, நேர்மையான, வீம்பு பிடித்த முதியவரைப் போல் ஒருவரேனும் நம் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் இருந்திருப்பார். 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 71ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர் என மூன்று விருதுகள் இதற்குக் கிடைத்தன. எங்கள் வீட்டில் பாட்டி முதியவர் பக்கமும் பேத்தி இளைஞன் பக்கமும் நின்று இரண்டு நாள் வாதாடினார்கள். வாதம் தமிழில் தொடங்கி இந்தியில் முடிந்தது.

'பொன்னியின் செல்வன்' படத்தின் இரு பாகங்களையும் (2022, 2023) பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்து, பலர் வீடுகளில் பைண்டு செய்து வைக்கப்பட்ட கதை அது. அதன் சுகம் ஆற அமரப் பேசும் பேச்சில் இருந்தது. படத்தில் குதிரைகளும் கப்பல்களும் அமைந்த அளவுக்கு அப்பேச்சு அமையவில்லை என்பது என் தாயாரின் தீர்ப்பு. நானும் அதில் கையொப்பமிடுகிறேன். ஆயினும் ஒரு நன்மை விளைந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் தவித்த மகளுக்காகப் பாட்டி சோழ வமிசத்தின் கிளைகளை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உறவு என்ற சொல் வந்துவிட்டது; இனி 'மெய்யழகன்' படத்துக்கு வரலாம். 2024 செப்டம்பரில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் ச. பிரேம்குமார். சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தங்கை முறையாகும் ஒருத்தியின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். மண்டபத்தில் ஒருவன் "அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒட்டிக்கொள்கிறான், உணவு பரிமாறுகிறான், கடைசிப் பேருந்து போய்விட்டபின் தன் வீட்டுக்கே அழைத்துச் செல்கிறான். அவன் பெயர் என்ன, எந்த வழியில் உறவு என்பது வந்தவனுக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். படம் முழுவதும் இந்த ஒரு கூச்சத்தின் மேல்தான் நிற்கிறது. அரவிந்த் சாமி அந்தத் தவிப்பை முகத்தில் வைத்திருந்த விதமும், கார்த்தி வாய் ஓயாமல் பேசிய விதமும் ஒன்றுக்கொன்று தாளம் போட்டன.

தில்லித் தமிழர் எவருக்கும் இது கதையாகத் தோன்றாது. கோடை விடுமுறையில் ஊர்த் திருமணத்துக்குப் போனால், "என்னைத் தெரிகிறதா, சொல் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும் முதியவர்கள் நம் ஒவ்வொருவர் வாழ்விலும் உண்டு. நாமும் ஒரு புன்னகையை முன்னால் விட்டு, மனைவி வந்து காப்பாற்றுவாளா என்று திரும்பிப் பார்த்திருக்கிறோம். படத்தில் என்னை மிகவும் அசைத்தது அந்தச் சைக்கிள். ஊரை விட்டுப் போனவர்கள் வேண்டாமென்று விட்டுச்சென்ற ஒரு பழைய சைக்கிள், இருந்துவிட்டவர்களின் பிழைப்பையே மாற்றியிருக்கிறது. விட்டுப்போனவனுக்கு அப்படி ஒன்று இருந்த நினைவுகூட மங்கிவிட்டது. வீட்டைக் காலி செய்து வண்டி ஏறிய நாளில் நாம் விட்டுவந்த பண்டங்களுக்கு எல்லாம் ஊரில் ஒரு பிற்கால வாழ்வு இருந்திருக்கும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மகள் அடிவரியிலிருந்து தலை நிமிர்ந்தது இப்படத்தில்தான். "அத்தான் என்றால் என்ன?" என்று கேட்டாள். படம் நிறுத்தப்பட்டது. பாட்டியின் விளக்கம் முழுதாக இருபது நிமிடம் ஓடியது. அத்தை மகனும் மாமன் மகனும் அத்தான் ஆவதையும், சித்தப்பா மகன் அண்ணனாகவே நின்றுவிடுவதையும் அவர் விரல் மடக்கி விளக்கினார். ஆங்கிலத்தில் எல்லோரும் கசின் என்ற ஒரே மூட்டைக்குள் அடக்கம். இந்தியில் அப்படி இல்லை. பூவாவின் மகனுக்கும் மாமாவின் மகனுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஆகவே மகள் உடனே இந்தி வழியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்தியில் அவ்விருவரும் சகோதரர்கள். அத்தான் சகோதரன் அல்லன்; கேலி பேசும் உரிமையும், ஒரு காலத்தில் மணமுடிக்கும் முறையும் அச்சொல்லுக்குள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இதை என் தோழிகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். பாட்டிக்கு அது வருத்தம். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. கூச்சப்படுவதற்கேனும் ஒரு சொல்லின் உட்பொருள் அவளிடம் போய்ச் சேர்ந்ததே!

படம் நீளம் என்று பலர் முறையிட, வெளியான சில நாட்களில் 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருக்கும் உறவினரின் பேச்சை வெட்டுவது போன்ற செயல் அது. என் குறை வேறு. இப்படத்தின் தஞ்சை மண்ணில் பகை என்பது பங்காளிச் சண்டையோடு நின்றுவிடுகிறது. வயலில் இறங்கி உழைப்பவனின் குரல் கேட்பதே இல்லை. அதே டெல்டாவின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதைக் கருவாகக் கொண்ட 'குருதிப்புனல்' நாவலை எழுதியவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி. அந்நாவலின் கோபாலும் தில்லியிலிருந்து கிராமத்துக்குப் போனவன்தான். 1983இல் ஸ்ரீதர் ராஜன் அதனைத் தழுவிக் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படத்தை எடுத்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஊரைப் பற்றிய நம் ஏக்கம் சற்று நிதானப்படும்.

2024 ஆகஸ்டில் வந்த 'கொட்டுக்காளி'யில் அடிவரிக்கு அதிக வேலை இல்லை. வேறு சாதி இளைஞனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பத்தார் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகிறார்கள். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் பின்னணி இசையே வைக்கவில்லை. வண்டிச் சத்தம், சேவலின் சத்தம், ஆண்களின் கூச்சல். அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் ஏறக்குறைய ஊமையாகவே அமர்ந்திருக்கிறார். சூரியின் வேடம் நகைச்சுவைக்கு எதிர்த்திசையில் வெகுதூரம் போயிருக்கிறது. படம் ஒரு கேள்வியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விடை கூறாமல் முடிந்துவிடுகிறது. "பாட்டும் இல்லை, முடிவும் இல்லை, இதற்கு எதற்கடா காசு?" என்றார் தாயார். ஆயினும் அன்று மூவரும் சமமாகப் பார்த்தோம். அவள் மௌனத்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தில்லியில் அரசுப் பணியில் இருந்துகொண்டே தமிழ்ப் படங்களைக் கடிந்து எழுதிவந்த வெங்கட் சாமிநாதன், கடிந்ததோடு நில்லாமல் ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை'க்கு (1977) எழுத்துவடிவமும் தந்தார். இத்தகைய படங்களோடு தில்லித் தமிழருக்குள்ள தொடர்பு பழையது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் வந்த 'சுழல்' எட்டுப் பகுதிகளையும் வீட்டார் இரண்டே இரவுகளில் பார்த்து முடித்தார்கள். மயானக்கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பிணைத்திருந்த விதம் அழகு. குற்றவாளி யார் என்பது தெரிந்த மறுநாள் எனக்கு நினைவில் நின்றது அத்திருவிழா மட்டுமே.

கடைசியாக 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே முதல் நாள் வெளிவந்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து இராமேசுவரம் வந்திறங்கும் ஒரு குடும்பம், உரிய தாள்கள் எதுவும் இன்றிச் சென்னைக் குடியிருப்பொன்றில் மறைந்து வாழ்கிறது. வாயைத் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக நடித்திருக்கிறார்கள். அந்தத் தமிழைக் கேட்டதும் தாயார் கண்ணைத் திறந்து உட்கார்ந்தார். திருமணத்துக்கு முன் ஊரில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர் அவர். அண்டை வீட்டார் ஒருவர் ஒருவராக அக்குடும்பத்தின்மேல் பற்றுக்கொண்டு இறுதியில் திரண்டு நிற்பது நடைமுறைக்குச் சற்று இனிப்பு மிகுந்த கற்பனைதான். ஆயினும் தில்லியில் பலர் கண்ணீர் விட்டோம். கூடிய இடமெல்லாம் அதைப் பற்றியே பேசினோம்.

சரியாக ஒரு மாதம் சென்று, ஜூன் முதல் நாள், ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலின் கரையை மீட்க வேண்டும் என்ற உயர் நீதிமன்ற ஆணையின்படி சுமார் 370 வீடுகள் தரைமட்டமாயின. நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று ஏற்கப்பட்டவை 189 குடும்பங்கள். பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்து, சுற்றிலுமுள்ள வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் பிழைத்த தமிழர்கள் அவர்கள். தாள் உள்ளவர், தாள் இல்லாதவர் என்று ஒரே வரிசை வீடுகள் இரண்டாகப் பிரிந்தன.

எங்கள் குடியிருப்பில் வேலை செய்துவந்த அம்மையார் ஒருவர் இப்போது நகரின் வடகோடியிலுள்ள நரேலாவிலிருந்து பேருந்து மாறி மாறி, வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று அவரை ஒரு நாள் கேட்டேன். மகன் கைப்பேசியில் போட்டுக் காட்டினானாம். "நல்லா இருந்துச்சு சார். சிம்ரன் அப்படியே இருக்குது" என்றார். சிறிது நேரம் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு, "அந்த வீடு நல்ல வீடு சார், காத்தோட்டமா. மெட்ராஸ்ல அந்த மாதிரி வீட்டுக்கு வாடகை என்ன கேப்பாங்க?" என்று கேட்டார். மகள் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, கைப்பேசியில் தேடி, தன் பாதித் தமிழில் ஒரு தொகையைச் சொன்னாள்.