பேரனுக்கு ஒரு மலை சைக்கிள்

போன தீபாவளிக்கு முன்னால் என் பேரனுக்கு ஒரு சைக்கிள் வாங்கினோம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, "நம்ம பையனுக்கு எதை வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். 34 வருடம் தபால் பையோடு சைக்கிள் மிதித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரும் மாடல் பெயரும் சொல்லப்போவதில்லை. மாடல்கள் வருடத்துக்கு வருடம் மாறிவிடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பேரன் ஐடிஐ முடித்து, வாடிப்பட்டிச் சாலையில் ஒரு ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். அலங்காநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். காலை 6 மணி ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் ஒத்துவரவில்லை. இரண்டு நாள் தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். "தவணையில ஒரு மொபெட்டை எடுத்துக் குடுத்துரலாம்" என்றான் என் மகன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 468 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுத்தாலும் ஒன்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல். அதிலேயே 900 ரூபாய்க்கு மேல் போகும். அதற்கு மேல் தவணை, இன்ஷூரன்ஸ். கைக்கு வருவதே பத்தாயிரத்துச் சொச்சம். அதில் பாதியை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவனே போட்டுக்கொண்ட கணக்கு.

"தாத்தா, நான் சைக்கிள்லயே போயிக்கிறேன். ஆனா மலை சைக்கிள்தான் வேணும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பெரியாறு கால்வாய்க் கரையில் போவார்கள். பாலமேடு தாண்டி சாத்தையாறு அணை வரைக்கும் போவார்கள். சில நாள் சிறுமலை அடிவாரத்து மண் பாதை. ஆக, ஆறு நாள் வேலைக்கும் ஒரு நாள் காட்டுப் பாதைக்கும் ஒரே சைக்கிள். அவன் சேர்த்து வைத்திருந்தது 14,000 ரூபாய். பிறத்தியார் பணமாக இருந்தால்கூட ஏதோ ஒன்றை வாங்கு என்று விட்டிருப்பேன். இது அவனுடைய முதல் சம்பாத்தியம்.

மதுரையில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். 14,000 ரூபாய்க்கு அங்கே எல்லாமே இருக்கிறது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், நாலு இஞ்சு அகல டயர். புல்லட் மாதிரி நிற்கிறது. பேரன் கண் அதில்தான் போனது. கடைக்காரரும் அதைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 14,000 ரூபாயில் எட்டுச் சாமான் இருந்தால் எட்டும் மலிவாகத்தான் இருக்கும். அதே பணத்தில் நாலு சாமான் இருந்தால் நாலும் ஓரளவு நல்லதாக இருக்கும். குறைந்த விலையில் சைக்கிள் வாங்கும்போது, எது இல்லாமல் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் ஷாக் அப்சார்பர். மலிவான முன் ஷாக்கில் இரும்பு ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும், எழும்பும் வேகத்தை அடக்க உள்ளே எதுவும் இருக்காது. அதனால் பள்ளத்தில் அமுங்கி, ஏறும்போது உதைக்கும். சாதா ஃபோர்க்கைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல் எடை. பின் ஷாக் இன்னும் மோசம். எழுந்து நின்று மிதித்தால் காலில் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். தினமும் 18 கிலோமீட்டர் போகிறவனுக்கு அது தண்டம்.

"ஷாக் இல்லாம அது என்ன தாத்தா மலை சைக்கிள்?" என்றான் பேரன். நியாயமான கேள்வி. பதில் அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியாவில் மரின் என்ற மாவட்டம். அங்கே டமால்பைஸ் என்றொரு மலை. 1970களில் அந்த ஊர் இளைஞர்கள் பழைய, கனமான, அகல டயர் சைக்கிள்களை மலை மேல் ஏற்றிக்கொண்டு போய், மண் பாதையில் இறக்கி விளையாடினார்கள். 1976இல் பந்தயமே வைத்தார்கள். அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினால் ஹப்பில் இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் வைத்தால்தான் அடுத்த தடவை ஓடும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் மவுன்டன் பைக்ஸ் என்ற பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள். முன் ஷாக் கடைக்கு வந்ததோ 1990 வாக்கில். அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் மலையில் ஷாக் இல்லாமல்தான் ஓட்டினார்கள். அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது மூன்று: அகலமான டயர், நிற்கிற பிரேக், ஏற்றத்துக்கு ஒரு கியர். இதைச் சொன்னதும் பேரன் கொஞ்சம் யோசித்தான்.

அடுத்து கியர். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. இதில் பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். முன் கியர் மாற்றி அடிக்கடி செயினைக் கழற்றிவிடும். நான் தபால் கொண்டுபோன 28 இஞ்சு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். கடையில் ஒரு 26 இஞ்சு சைக்கிளில் முன்னால் ஒரே பல்சக்கரம், 38 பல். பின்னால் 14 முதல் 28 பல் வரை 7 சக்கரம். அதன் உச்ச கியரிலும் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர்தான். கீழ்க் கியரில் அதில் சரிபாதி. அதாவது, சமதளத்தில் என் பழைய சைக்கிள் வேகம். சிறுமலை அடிவாரத்தில் பாதி பலத்தில் ஏறலாம். இதற்கு மேல் நம் பக்கத்துக்கு எதற்கு?

பிரேக்கில் பேரனுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலிவான டிஸ்க்கில் தட்டு லேசாக வளைந்தாலும் உரசிக்கொண்டே வரும். சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் எளிது, அதன் ரப்பர் கட்டை எங்கும் கிடைக்கும். ஒரு நிபந்தனை: ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும். பளபளவென்று குரோமியம் பூசிய இரும்பு ரிம் ஈரத்தில் வழுக்கும். மழையில் தபால் கொண்டுபோய், நிற்க வேண்டிய வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டு வாசலில் நின்ற அனுபவம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உண்டு. விடிவதற்கு முன்னால் லாரி ஓடும் சாலையில் போகிற பையனுக்கு, மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் பிரேக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நாலு இஞ்சு டயர் சைக்கிளை அவன் மனசு விடவில்லை. "சரி, தூக்கிப் பாரு" என்றேன். தூக்கினான். பிறகு நான் சொன்ன 26 இஞ்சு சைக்கிளையும் தூக்கினான். அதன் டயர் அகலம் இரண்டு இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அகல டயருக்கு டியூப் விலையும் அதிகம், நம் ஊரில் கிடைக்கவும் கிடைக்காது.

முடிவு செய்வதற்கு முன் ஊருக்குத் திரும்பி வந்தோம். எங்கள் ஊரில் வேப்ப மரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடம் இரண்டு சைக்கிளின் போட்டோவையும் காட்டினேன். எனக்குக் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றித் தந்தவர் அவர்தான். பார்த்துவிட்டு, "போஸ்ட்மேன் சார், இதுக்கு டயர், டியூப், போக்ஸ் கம்பி எல்லாம் எங்கிட்டயே இருக்கு. அதுக்குன்னா நீங்க மதுரைக்குத்தான் போகணும். தம்பிக்கு அன்னைக்கு லீவு போடணும்ல?" என்றார். அந்த ஒரு வார்த்தை பேரனைத் திருப்பிவிட்டது. சைக்கிள் கெட்டுப்போகாமல் இருக்காது. கெட்டுப்போனால் மறுநாள் காலை ஐந்து மணிக்குள் எழுந்து நிற்குமா என்பதுதான் கேள்வி.

மறுநாள் போய் வாங்கினோம். 26 இஞ்சு, ஷாக் இல்லை, பின்னால் மட்டும் 7 கியர், வி-பிரேக், அலுமினிய ரிம். விலை 10,600 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தது. அதை நாமே ஞாபகப்படுத்திக் கேட்பது நல்லது. வாங்கும்போது பார்த்தது இன்னும் இரண்டு. பாரின் இருபுறமும் காலை ஊன்றி நின்றால் நடுவில் இரண்டு இஞ்சு இடைவெளி இருக்கிறதா? கேரியரும் மட்கார்டும் பொருத்த சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா? மலை சைக்கிள் என்ற பெயரில் வருகிற பலவற்றில் இந்த ஓட்டையே கிடையாது. சாப்பாட்டுத் தூக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் போக முடியுமா?

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், பூட்டு, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து 1,900. ஆக 12,500. மீதி 1,500ஐ ரிப்பேருக்கு என்று தனியாக வைத்தோம். கையில் இருக்கிற பணம் முழுவதையும் சைக்கிளுக்கே கொடுத்துவிட்டு, விளக்கு இல்லாமல் இருட்டில் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

புது சைக்கிளை அப்படியே ஓட்டக் கூடாது. பெட்டியில் பாதி கழற்றிய நிலையில் வருவதைக் கடையில் அவசரமாகப் பூட்டித் தருகிறார்கள். நம்ம வேப்ப மரத்தடிக்காரர் எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்கி, சக்கரக் கோட்டம் எடுத்து, ஹப்பில் கிரீஸ் வைத்தார். சீட்டை உயர்த்தினார். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. நம் பையன்கள் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கியரைவிடப் பெரிய பிரச்சினை சீமைக் கருவேல முள். முதல் இரண்டு வாரத்தில் மூன்று பஞ்சர். ஒரு நாள் ஷிப்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தான். பிறகு, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். தபால்காரர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். அதற்கு அப்புறம் நாலு மாதத்தில் ஒரே ஒரு பஞ்சர். இன்னொன்று, டயரின் நடுக்கோடு வழவழப்பாகவும் ஓரம் மட்டும் கட்டை கட்டையாகவும் இருப்பது நல்லது. முழுக்கக் கட்டையாக இருந்தால் தார் ரோட்டில் இழுவை அதிகம். கால்வாய்க் கரை மணலில் இறங்குவதற்கு முன் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் பம்ப் அடித்துவிட வேண்டும்.

சைக்கிளை யாரும் இப்போது பெரிதாக நினைப்பதில்லை. ஏழாவது ஊதியக் குழு சைக்கிள் அலவன்ஸையே எடுத்துவிடலாம் என்றது. 2017இல் மத்திய அரசு அதை ஏற்காமல், தபால்காரர்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் மாதம் 90 ரூபாயாக இருந்ததை 180 ஆக்கித் தொடர்ந்தது. ஆபீசில் அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். 180 ரூபாயில் என்ன வாங்குவது என்று. ஆனால் சைக்கிளை நன்றாக வைத்திருப்பவனுக்கு அது கிட்டத்தட்டப் போதும்.

பேரன் கணக்கைப் பாருங்கள். ஐந்து மாதத்தில் வேலைக்கு மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். பஞ்சர், ஒரு ஜோடி பிரேக் கட்டை, செயின் எண்ணெய் எல்லாம் சேர்த்துச் செலவு 310 ரூபாய். ஒரு நாள்கூட ஷிப்ட் தவறவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சாத்தையாறு போகிறான். நாலு இஞ்சு டயர்க்காரக் கூட்டாளி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதாகச் சொன்னான், சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. வனத்துறை எல்லைக்குள் மட்டும் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கேட்ட மூன்று பேருக்கும் இதுதான் பதில். வாங்கப் போவதற்கு முன்னால் உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் எங்கே இருப்பார் என்று உங்களுக்கே தெரியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போகாதீர்கள், தூங்கிக்கொண்டிருப்பார்.