ஜின்னுக்குப் பயந்தோம், பம்ளிமாஸ் அடிச்சிருச்சு

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் கிட்னி மாற்று அறுவை செய்தவர்களோ, பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறவங்களோ இருந்தால் கடைசி வரை படிச்சிருங்க.

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது. சிலமலையில் எங்க வீடு. மச்சினன் பெங்களூரிலிருந்து ஒரு ஜின் பாட்டிலோடு வந்து இறங்கினான். மூடியைத் திறந்து என் மூக்குக்கிட்ட நீட்டி, "மச்சான், மோந்து பாருங்க, நம்ம ஊர் வாசம்" என்றான். ஏலக்காய்! ஜின் என்றாலே ஜூனிப்பர் காய்தான் பிரதானம். கூடவே கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், சிலதில் ஏலக்காயும் போடுவாங்க. தினம் விடியக்காலை ஜீப்பில் மேட்டுக்கு ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற ஊரில், அந்த வாசத்தை ஒரு சீமைச் சரக்கில் பிடிக்கிறது தனி வேடிக்கை.

அவன் செய்யக் கிளம்பியது 'சால்ட்டி டாக்'. ஜின்னும் கிரேப் ஃப்ரூட் ஜூஸும் சேர்ந்த பழைய காக்டெயில். போடியில் கிரேப் ஃப்ரூட்டுக்கு எங்கே போக? தோட்டத்திலிருந்து வந்த பம்ளிமாஸ் ஒரு சாக்கு நிறைய திண்ணையில் கிடந்தது. பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப் ஃப்ரூட் என்பதால், இது மூலத்துக்கே போற சமாச்சாரம்.

செய்முறை சுலபம். தடித்த தோலை உரிச்சு, சுளையின் மேல்தோலையும் நீக்கணும், இல்லேன்னா கசக்கும். முத்துக்களைத் துணியில் போட்டுப் பிழியணும். கிளாஸ் விளிம்பில் பழத்தைத் தடவி உப்பில் ஒத்தி எடுக்கணும். ஐஸ், 60 மில்லி ஜின், 120 மில்லி ஜூஸ், ஒரு கலக்கு. (அந்த 60 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 20 கிராம். பழம் சேர்ந்ததால் ஒரு கிராம்கூடக் குறையாது. ருசி மறைவதால் ரெண்டாவது கிளாஸ் வேகமாக இறங்கும். அந்த விளிம்பு உப்பு பிரஷர்காரருக்கு வேறு.)

திண்ணையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மூணு வருஷத்துக்கு முன்னாடி சித்தி கொடுத்த கிட்னியில் இருக்கிற மனுஷன். குடிப்பழக்கமே கிடையாது. "உங்களுக்கு வெறும் ஜூஸ்தான் சித்தப்பா" என்று ஒரு பெரிய டம்ளரை நீட்டியது நான். எம்.டி. படிச்ச நான்.

வாங்கும்போது டம்ளர் ஆடியது. "கை ஏன் நடுங்குது?"

"நாலஞ்சு நாளா இப்படித்தான்ப்பா. குளிரு."

"இந்தப் பழம் எப்ப இருந்து சாப்பிடுறீங்க?"

"அதுவும் நாலஞ்சு நாளாத்தான். மொளகாப்பொடி தொட்டுக்கிட்டா சும்மா எறங்குதே."

அப்பத்தான் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. டம்ளரைப் பிடுங்கினேன்னுதான் சொல்லணும். அவர் காலையும் ராத்திரியும் போடுவது டேக்ரோலிமஸ். அது ரத்தத்தில் ஏறினால் முதலில் கை நடுங்கும், அப்புறம் காப்பாற்ற வேண்டிய கிட்னியையே கெடுக்கும்.

இந்த விஷயம் மருத்துவ உலகத்துக்குத் தெரிஞ்ச கதையே ஒரு காக்டெயில் கதைதான். கனடாவில் லண்டன் என்று ஓர் ஊர். அங்கே டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையோடு ஆல்கஹால் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். குடிக்கிறவருக்கு எதில் சாராயம் இருக்குன்னு தெரியக்கூடாதே? ருசியை மறைக்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஜூஸை எல்லாம் கலந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது கிரேப் ஃப்ரூட். முடிவு வந்தபோது, சாராயம் சேராதவர் ரத்தத்திலும் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு! குற்றவாளி ஜூஸ். 1991-ல் லான்செட் இதழில் அதை உறுதி செய்து எழுதினார்கள். அதே ஆய்வில் ஆரஞ்சு ஜூஸ் எதுவும் செய்யவில்லை.

எப்படி நடக்குதுன்னா, நம்ம போடிமெட்டு செக்போஸ்ட்டை நினைச்சுக்கோங்க. குடல் சுவரிலும் சிஒய்பி3ஏ4 என்று ஒரு செக்போஸ்ட். பத்து மூட்டை மருந்து போனால் பெரும்பகுதியை அங்கேயே பிடிச்சு வச்சுக்கும். மிச்சம்தான் ரத்தத்துக்கு. டாக்டர் எழுதுற டோஸ் இந்தக் கணக்கை வச்சுத்தான். இந்தப் பழங்களில் இருக்கிற ஃபுரானோகூமரின், செக்போஸ்ட் ஆட்களையே காலி பண்ணிரும். மூட்டை மொத்தமும் உள்ளே. புது ஆட்கள் வந்து சேர ஒன்றிலிருந்து மூணு நாள் ஆகும். அதனால "காலையில மாத்திரை, ராத்திரி பழம்" என்ற தந்திரம் பலிக்காது.

பம்ளிமாஸுக்கும் இது பொருந்தும். ஒரு கிட்னி மாற்று நோயாளிக்கு அதைச் சாப்பிட்டு டேக்ரோலிமஸ் அளவு ஏறியதை 2003-லேயே ஜப்பான் மருத்துவர்கள் பதிவு செஞ்சிருக்காங்க. சைக்ளோஸ்போரின், சிம்வாஸ்டாட்டின், அட்டார்வாஸ்டாட்டின், நிஃபெடிபின் போடுறவங்களும் கவனிக்கணும். அம்லோடிபினில் பெரிய பாதிப்பு பொதுவாக இல்லை.

அன்று ராத்திரியே சித்தப்பாவின் கிட்னி டாக்டருக்குப் போன் போட்டேன். மாத்திரையை நானாக நிறுத்தலை, நீங்களும் நிறுத்தாதீங்க. டேக்ரோலிமஸை நிறுத்தினால் உடம்பு கிட்னியை நிராகரிக்கும். அவர் சொன்னபடி டோஸை மாற்றினோம். மறுநாள் காலை மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினோம். வழக்கமாக 6-ல் நிற்கிற அளவு 15. கிரியேட்டினின் 1.3-லிருந்து 1.7.

ரிசல்ட் வந்த அன்று சித்தி என்னிடம் ஒண்ணும் கேட்கலை. புடவைக்கு மேல், ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்தில், கையை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க.

பத்து நாளில் கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கியது. நடுக்கமும் நின்றது. டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் பார்த்தேன். உணவுப் பட்டியலில் 'கிரேப் ஃப்ரூட் தவிர்க்கவும்' என்று ஆங்கிலத்தில் அச்சடிச்சிருந்தது. சித்தப்பா அதை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, "கிரேப்புன்னா திராட்சைதானப்பா? நான் மூணு வருஷமா திராட்சையைத் தொடவே இல்லையே" என்றார். கம்பம் பள்ளத்தாக்கில், பக்கத்தில் இருக்கிற பன்னீர் திராட்சையை விட்டுவிட்டு!

இப்போ மாத்திரை டப்பா மூடியில் சித்தி கையெழுத்தில் ஒட்டியிருக்கு: 'பம்ளிமாஸ் ஆகாது. திராட்சை சாப்பிடலாம்.'